சிவப்பணுவின் கைமுதல்



1938ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் மான், கெய்லின் என்ற இருவர் மாட்டு இரத்தத்தின் சிவப்பணுக்களிலிருந்து நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதில் செம்பு இருந்தது. அந்தச் செம்பை வைத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. எந்த வேதிவினைக்கும் அது உதவுவதாகத் தெரியாததால், உடலுக்கு வேண்டிய செம்பைப் போட்டுவைக்கும் பண்டகசாலை போலும் என்று கருதினார்கள். முப்பது ஆண்டுகள் அந்தக் கருத்தே நின்றது. 1969இல்தான் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் அதன் தொழிலைக் கண்டுபிடித்தார்கள். கூடுதலாக ஓர் எலக்ட்ரானைச் சுமந்து திரியும் ஆக்சிஜனுக்குச் சூப்பர் ஆக்சைடு என்று பெயர். அது உருவான கணத்திலேயே பிடித்து வேறு பொருளாக மாற்றிவிடுவதுதான் அந்தப் புரதத்தின் வேலை. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நலமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்த மாட்டின் இரத்தத்தில் இப்படியொரு நொதி இவ்வளவு தாராளமாக ஏன் இருந்தது? நஞ்சு ஏதேனும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அது சும்மா காத்திருந்ததா? இல்லை. ஒவ்வொரு நொடியும் அதற்கு வேலை இருந்தது.

இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு செய்தியின் விரிவுதான். ஃப்ரீ ராடிக்கல் என்ற சொல் இப்போது மருந்துக்கடை அலமாரியிலிருந்து முகப்பூச்சு விளம்பரம் வரை பரவிவிட்டது. நம் பாடநூல்கள் அதைத் தனி உறுப்பு என்கின்றன. இணை சேராத எலக்ட்ரான் ஒன்றைத் தனியே வைத்திருக்கும் அணுவுக்கோ மூலக்கூறுக்கோ பொருத்தமான பெயர் அது. ஆங்கிலப் பெயரைவிட நல்ல பெயர் என்றுகூடச் சொல்வேன். விளம்பரங்கள் சொல்லும் கதையில் இந்தத் தனி உறுப்பு வெளியிலிருந்து வரும் கொள்ளையன். அவனை விரட்டும் காவலாளி ஒரு மாத்திரை அல்லது ஒரு பழச்சாறு. சிவப்பணுவை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை இரண்டு இடங்களில் உடைகிறது. தனி உறுப்பு அங்கே வீட்டிலேயே பிறக்கிறது. சிவப்பணு செய்யும் தொழிலின் செலவு அது. அந்தச் செலவு அணுவைக் கொல்லுமா என்பதைத் தனி உறுப்புகளின் எண்ணிக்கை முதன்மையாகத் தீர்மானிப்பதில்லை. இழந்த எலக்ட்ரானைத் திரும்பக் கட்டும் வசதி அணுவிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. சேதத்தை வரவின் பக்கமிருந்து பார்க்கவேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் செலவைப் பார்ப்போம். முதிர்ந்த சிவப்பணு ஒன்றில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஆக ஒரு சிவப்பணுவுக்குள் நூறு கோடிக்கு மேல் இரும்பு. நுரையீரலில் ஆக்சிஜன் வந்து இந்த இரும்பின் மேல் உட்காரும்போது நடப்பது சாதாரண ஒட்டுதல் அன்று. இரும்பு தன் எலக்ட்ரான் ஒன்றைப் பெரும்பகுதி ஆக்சிஜன் பக்கம் சாயவிடுகிறது என்று 1964இல் ஜோசப் வைஸ் வாதிட்டார். லைனஸ் பாலிங் அதை ஒப்பவில்லை. அந்த வழக்கின் நுணுக்கங்கள் வேதியியலாருக்கு உரியவை. நமக்கு வேண்டியது அதன் விளைவு மட்டும். ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும் வரை எலக்ட்ரான் இரவலில் இருக்கிறது. திசுவில் இறங்கிப் போகும்போது அநேகமாக எப்போதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. எப்போதாவது ஒருமுறை கொடுக்காமலே போய்விடுகிறது. அப்படிப் போன ஆக்சிஜன்தான் சூப்பர் ஆக்சைடு. பறிகொடுத்த இரும்பு இனி ஆக்சிஜனைச் சுமக்காது. அந்த ஹீமோகுளோபினுக்கு மெத்தீமோகுளோபின் என்று பெயர், நிறமும் சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறிவிடும். ஹீமோகுளோபின் தானாகவே இப்படிச் சூப்பர் ஆக்சைடை உண்டாக்குகிறது என்பதை மிஸ்ராவும் ஃபிரிடோவிச்சும் 1972இல் காட்டினார்கள்.

எப்போதாவது என்றேன். அணுவின் கணக்கில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்க்கவேண்டும். ஒரு நாளில் 1 முதல் 3 விழுக்காடு வரை ஹீமோகுளோபின் இவ்வாறு ஆக்சிஜனேற்றம் அடைவதாக நூல்கள் சொல்கின்றன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஓர் அணுவில் நாளுக்கு ஏறத்தாழ 1 கோடி இரும்பு தன் எலக்ட்ரானை இழக்கிறது. வினாடிக்கு நூறுக்கு மேல். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். எனவே ஒவ்வோர் இரும்பும் தன் வாழ்நாளில் சராசரியாக ஒருமுறையேனும் கெட்டுப்போய் மீண்டிருக்க வேண்டும். ஆனால் நலமான ஒருவரின் இரத்தத்தில் எந்த நேரத்தில் அளந்தாலும் மெத்தீமோகுளோபின் 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் சிவப்பணுவின் உயிர்வாழ்வு நடக்கிறது. பழுது நிற்பதே இல்லை, பழுது பார்ப்பதும் நிற்பதில்லை.

பழுது பார்க்கும் ஏற்பாட்டில் வேடிக்கையான ஓர் இல்லாமை இருக்கிறது. சிவப்பணு எலும்பு மச்சையிலிருந்து வெளியே வருவதற்குள் தன் உட்கருவைத் துறந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் ரைபோசோம்களும் பின்னாலேயே போய்விடுகின்றன. இடத்தை எல்லாம் ஹீமோகுளோபினுக்கு ஒழித்துக் கொடுத்த இந்த அணுவால் புதிதாக ஒரு புரதத்தைக்கூடச் செய்துகொள்ள முடியாது. பிறக்கும்போது மச்சை கொடுத்தனுப்பிய நொதிகளே அதன் கைமுதல். நான்கு மாதம் அதை வைத்துத்தான் ஓட்டவேண்டும். அன்றாட வருமானமோ பிளாஸ்மாவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் ஒன்றுதான். அந்தக் குளுக்கோஸின் பெரும்பகுதி வழக்கமான சிதைவுப் பாதையில் போய், வழியில் என்ஏடிஎச் என்ற எலக்ட்ரான் சுமப்பானைத் தருகிறது. கெட்டுப்போன இரும்புக்கு எலக்ட்ரானைத் திருப்பித் தருவது அதுவே. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பென்டோஸ் பாஸ்பேட் பாதை என்ற பக்கவழியில் திரும்புகிறது. அங்கே கிடைப்பது என்ஏடிபிஎச் என்ற இன்னொரு சுமப்பான். அந்தப் பக்கவழியின் வாசலில் நிற்கும் நொதிதான் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். சுருக்கமாக ஜி6பிடி என்போம்.

சூப்பர் ஆக்சைடை டிஸ்மியூட்டேஸ் பிடித்தவுடன் கதை முடிந்துவிடுவதில்லை. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள். நுரைப்பதற்குக் காரணமும் நம் இரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் நொதிதான். பெராக்சைடு தனி உறுப்பு அன்று, அமைதியான மூலக்கூறு. ஆனால் கட்டவிழ்ந்த இரும்பைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்ற மிக மூர்க்கமான தனி உறுப்பாகப் பிளந்துவிடும். ஃபென்டன் 1894இல் விவரித்த வினை அது. எங்கும் இரும்பு நிறைந்த சிவப்பணுவுக்குள் பெராக்சைடை உலவவிடுவது வைக்கோல்போர்க்கிடையே தீப்பந்தத்தோடு நடப்பதற்குச் சமம். எனவே மூன்று நொதிகள் அதன்மேல் பாய்கின்றன: கேட்டலேஸ், குளுட்டாதியோன் பெராக்சிடேஸ், பெராக்சிரெடாக்சின். இவற்றில் இரண்டாவது குளுட்டாதியோன் என்ற சிறு மூலக்கூறைச் செலவழிக்கிறது. செலவான குளுட்டாதியோனை மீட்டுத் தருவது என்ஏடிபிஎச். பெராக்சிரெடாக்சினுக்கும் கடைசியில் எலக்ட்ரான் வந்து சேர்வது அங்கிருந்தே. யாருடைய தயவும் இன்றித் தானே வேலை செய்வதாக நெடுநாள் நம்பப்பட்ட கேட்டலேஸும்கூட நான்கு என்ஏடிபிஎச் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது, அவை இல்லாவிட்டால் மெல்லச் செயலிழக்கிறது என்று கிர்க்மேனும் கேட்டானியும் 1984இல் கண்டார்கள். ஆக எத்தனை காவலர் இருந்தாலும் எல்லோருக்கும் சம்பளம் ஒரே கருவூலத்திலிருந்து வருகிறது.

கருவூலம் வற்றினால் என்ன ஆகும்? சேதம் உள்ளிருந்து வெளியே நகர்கிறது. முதலில் ஹீமோகுளோபினின் கந்தகக் கைகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து புரதம் தன் வடிவத்தை இழக்கிறது. இழந்தவை திரண்டு சவ்வின் உட்புறத்தில் சிறு உருண்டைகளாக ஒட்டிக்கொள்கின்றன. பினைல்ஹைட்ரசீன் வகை நஞ்சுகள் ஏற்றப்பட்ட விலங்குகளின் இரத்தத்தில் இந்த உருண்டைகளை ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மானியர் 1890இலேயே பார்த்து எழுதிவைத்தார். அவை இன்றும் ஹைன்ஸ் துகள்கள். சவ்வில் ஒட்டிய இடத்தில் அவை இரும்பைக் கொண்டுசேர்ப்பதால் அடுத்த தாக்குதல் சவ்வின் கொழுப்பின்மீது விழுகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு எலக்ட்ரானை இழந்தால் பக்கத்திலிருப்பதிடம் பறிக்கிறது, அது தன் அடுத்ததிடம். சவ்வைத் தாங்கும் புரத வலையும் இறுகிவிடுகிறது. 7 அல்லது 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு மண்ணீரலில் அதனினும் பலமடங்கு குறுகிய இடுக்குகள் வழியே நெளிந்து வந்தாகவேண்டும். நெளிவு போன அணு அங்கே மாட்டிக்கொள்கிறது. மண்ணீரல் சில நேரம் ஹைன்ஸ் துகளை மட்டும் கிள்ளியெடுத்து அணுவை விட்டுவிடும். யாரோ கடித்துவைத்த பிஸ்கட் போன்ற சிவப்பணுக்கள் நுண்ணோக்கியில் தெரிவது அதனால்தான். சேதம் மிஞ்சினால் அணு இரத்த ஓட்டத்திலேயே உடைந்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகும்.

இதுவரை சொன்னதை ஒருவர் இப்படியும் வாசிக்கலாம்: ஆக, தனி உறுப்புகள் தீயவைதானே, கூடினால் அணு சாகிறது, எண்ணிக்கையைக் குறைப்பதே தீர்வு என்பதில் என்ன பிழை? இந்த மறுப்புக்கு விடை ஒரு சிறைச்சாலையில் கிடைத்தது. அதைச் சொல்லும்போது ஒரு மனக்கசப்பையும் சேர்த்தே சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பிறகும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் கைதிகளை வைத்து மலேரியா மருந்துகள் சோதிக்கப்பட்டன. கைதிகள் விருப்பத்தோடு வந்தவர்கள் என்று ஆவணங்கள் சொல்கின்றன. கம்பிக்குள் இருப்பவரின் விருப்பம் எவ்வளவு விருப்பம் என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. பிரைமாகுயின் என்ற மருந்தை நாளுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தபோது பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பினக் கைதிகளில் சிலருக்கு மட்டும் சில நாளில் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்தன. ஆல்விங்கின் குழுவினர் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்ட சிவப்பணுக்களை மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். பாதிப்புக்குள்ளாகிறவரின் அணுக்களை மருந்தைத் தாங்குகிறவரின் உடலில் ஏற்றினால், அங்கேயும் அந்த அணுக்கள் மட்டும் உடைந்தன. தாங்குகிறவரின் அணுக்கள் பாதிப்புக்குள்ளாகிறவரின் உடலில் பிழைத்துக் கிடந்தன. உடலும் மருந்தும் அளவும் ஒன்று. வேறுபாடு முழுவதும் அணுவுக்குள். 1956இல் கார்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த வேறுபாட்டின் பெயரைச் சொன்னார்கள்: ஜி6பிடி குறைவு.

அதே ஆய்வுகளில் கிடைத்த இன்னொரு செய்தி என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தபோதும் இரத்தம் உடைவது தானாகவே நின்றது. உடலில் மருந்து இருக்கிறது, தனி உறுப்புகள் உண்டாகிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அணுக்கள் சாகவில்லை. காரணம் வயது. ஆப்பிரிக்க வழியினரிடம் பரவலாகக் காணப்படும் குறைபாட்டு வகையில் ஜி6பிடி நொதி இல்லாமல் போவதில்லை; வேகமாகத் தேய்கிறது. சாதாரண நொதியின் அரைவாழ்வு ஏறத்தாழ 62 நாள் என்றால் இந்த வகையின் அரைவாழ்வு 13 நாள் அளவே. மச்சையிலிருந்து புதிதாக வந்த அணுவின் கையில் போதிய முதல் இருக்கிறது. முதிய அணு ஏறக்குறைய வெறுங்கையோடு நிற்கிறது. முதல் அலையில் முதியவை எல்லாம் போனபின் மிஞ்சியவை இளையவை, அவை தாங்கிக்கொள்கின்றன. (மத்தியதரைக் கடல் நாடுகளின் வகையில் நொதி இதைவிட வெகுவேகமாகத் தேய்வதால் இந்தச் சலுகை கிடைப்பதில்லை.) எதிரியின் பலத்தை மட்டும் அளக்கும் எந்தக் கொள்கையாலும் இந்த ஓய்வை விளக்க முடியாது.

மெத்திலீன் நீலம் என்ற சாயம் இன்னும் கூர்மையான சாட்சி. இரத்தத்தில் மெத்தீமோகுளோபின் ஆபத்தான அளவுக்கு ஏறினால் மருத்துவர்கள் இந்தச் சாயத்தைச் சிரையில் ஏற்றுகிறார்கள்; நீலம் பாரித்த உதடு சிறிது நேரத்தில் சிவக்கிறது. மாற்று மருந்து என்று சொல்லத் தக்கது இதைவிட வேறென்ன? ஆனால் அந்தச் சாயத்திடம் கொடுப்பதற்குச் சொந்தமாக எலக்ட்ரான் கிடையாது. என்ஏடிபிஎச்சிடம் வாங்கி இரும்பிடம் கொடுக்கும் தரகு வேலைதான் அதற்கு. ஜி6பிடி குறைந்தவருக்கு அதையே ஏற்றினால் வாங்குவதற்கு இடமில்லை. குணம் ஏற்படாததோடு சாயமே ஆக்சிஜனேற்றியாக மாறி அணுக்களை உடைக்கக்கூடும். வைட்டமின் சி-யும் இதே விதிக்கு உட்பட்டது. உணவில் வரும் அளவில் அது நல்லது. சிரை வழியே பல கிராம் கணக்கில் ஏற்றும்போது அது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது, அதனால்தான் அத்தகைய சிகிச்சைக்கு முன் ஜி6பிடி சோதனை கேட்கப்படுகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான், ஆக்சிஜனேற்றி என்ற பெயர்ப்பலகைகளைப் பொருளின் நெற்றியில் நிரந்தரமாக ஒட்ட முடியாது. அது நுழையும் வீட்டின் நிலவரம் அதன் குணத்தை மாற்றுகிறது.

இங்கே வைட்டமின்களின் சார்பில் நியாயமான மறுப்பு எழும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தச் சிதைவு வைட்டமின் இ கொடுத்தால் சரியாகிறது என்று 1967இல் ஆஸ்கியும் பார்னஸும் காட்டினார்களே? 1940களில் வட அயர்லாந்தில் பிறவியிலேயே நீலம் பாரித்திருந்த சகோதரர்களுக்கு வைட்டமின் சி கொடுத்து நிறம் தேறியதே? இரண்டும் உண்மை, இரண்டையும் நான் என் பக்கமே எடுத்துக்கொள்வேன். குறைமாதக் குழந்தையிடம் வைட்டமின் இ உண்மையாகவே இல்லை, தாயிடமிருந்து சேர்வதற்குள் பிறந்துவிட்டது. அந்தச் சகோதரர்களிடம் இரும்புக்கு எலக்ட்ரான் தரும் நொதி இல்லை என்பதைக் குவென்டின் கிப்சன் பின்னர் கண்டறிந்தார். வைட்டமின் சி அந்த ஒரு வேலையை மெதுவாகச் செய்துகொடுத்தது. இன்ன இடத்தில் இன்ன குறை என்று தெரிந்து நிரப்பியபோது பலன் கிடைத்தது. குறை எதுவென்று தெரியாமல் மொத்தமாக ஊற்றியபோது கிடைத்தது வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994இல் வெளியான சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அது சிவப்பணு பற்றிய சோதனை அன்று, அதை இங்கே அளவுக்கு மேல் இழுக்க விரும்பவில்லை. தடுப்பான் எவ்வளவு கூடினாலும் நன்மை என்ற எளிய எண்கணிதம் மட்டும் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சோதனைக்குழாயில் உணவுகளின் தனி உறுப்பு உறிஞ்சும் திறனை அளந்து அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டிருந்த பட்டியலை, அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்றும் விற்பனைக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லி 2012இல் அத்துறையே விலக்கிக்கொண்டது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிக்கும் இன்று புட்டியில் அந்த மாதிரி எண் ஒட்டி விற்கிறார்கள். நெல்லிக்காய் நல்ல உணவு. அதற்கு அந்த எண்ணின் சிபாரிசு தேவையில்லை.

தனி உறுப்பை முற்றாக ஒழித்துவிட்டால்தான் என்ன என்று கேட்பவருக்கு இரண்டு விடைகள் உண்டு. வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்வதற்கு வேண்டுமென்றே சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கின்றன. அந்தத் தயாரிப்பு நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் நாட்பட்ட கிரானுலோமா நோயால் ஓயாத தொற்றுக்கு ஆளாகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அங்கே சூப்பர் ஆக்சைடுக்கு எலக்ட்ரான் தருவதும் என்ஏடிபிஎச்தான். ஒரே பணம் ஓரிடத்தில் தீயணைக்கவும் இன்னோரிடத்தில் தீ மூட்டவும் செலவாகிறது. இரண்டாவது விடை மலேரியா. அதன் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. மென்று துப்பிய இரும்பு அந்த அணுவுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டுகிறது. கைமுதல் குறைந்த அணுவில் குடியேறிய ஒட்டுண்ணிக்கு வீடு சீக்கிரம் இடிகிறது. உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் ஜி6பிடி குறைவு இருப்பதும், மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலங்களில் அது அடர்ந்திருப்பதும் இந்தக் கொடுக்கல் வாங்கலின் தடயங்கள். 2015இல் யூயூ துவுக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆர்ட்டெமிசினினும், ஒட்டுண்ணி விடுவித்த இரும்பைத் தொட்டுத் தனி உறுப்பாக வெடித்துத்தான் அதைக் கொல்கிறது.

நலமான சிவப்பணுவின் முடிவிலும் இதே வேதியியல் பயன்படுகிறது. வடிவமிழந்த ஹீமோகுளோபின், சவ்விலுள்ள பேண்ட் 3 என்ற புரத மூலக்கூறுகளோடு ஒட்டி அவற்றைக் கொத்துக் கொத்தாகத் திரட்டுகிறது. இரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் அந்தக் கொத்துகளில் வந்து படிகின்றன. பெருவிழுங்கணுக்கள் அதைக் கண்டு அணுவை அகற்றுகின்றன. ஃபிலிப் லோவின் குழு 1985இல் முன்வைத்த விளக்கம் இது. முதுமையின் அடையாளம் இது ஒன்றே என்று எல்லோரும் ஒப்புவதில்லை. ஆனால் ஆக்சிஜனேற்றத் தழும்பு உடலுக்கு ஒரு செய்தியாகவும் உதவுகிறது என்பதை மறுப்பது கடினம். உட்கரு இல்லாத, தன் வயதைத் தானே எண்ணத் தெரியாத ஓர் அணுவுக்கு 120 நாள் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது? இரத்த வங்கிப் பைக்குள் இருக்கும் அணுவுக்கு அப்படிச் சொல்லி அகற்ற மண்ணீரல் இல்லை. 2 முதல் 6 டிகிரிக் குளிரில், குளுக்கோஸ் கலந்த கரைசலில் 42 நாள் வரை வைக்கிறோம், அதற்குமேல் வைப்பதில்லை. அந்த நாள்கணக்கை நிர்ணயிக்கும் காரணங்களில் இந்தச் சேதமும் ஒன்று.

நடைமுறையில் இதனால் ஆகும் பயன் என்ன என்ற கேள்வி எனக்குக் கேட்கிறது. நம் வீடுகளிலிருந்தே தொடங்கலாம். பெட்டியில் அந்துருண்டை போட்டு மடித்துவைத்த பழந்துணியில் பச்சிளங்குழந்தையைச் சுற்றும் வழக்கம் உண்டு. அந்துருண்டையின் நாப்தலீன் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் ஆக்சிஜனேற்றியாக மாறுகிறது. ஜி6பிடி குறைந்த சிசுவுக்குக் கடும் இரத்தச் சிதைவும் மூளையைத் தாக்கும் மஞ்சள் காமாலையும் வரலாம். சிசுக்களுக்கு மருதாணி பூசியதாலும் இப்படி நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் பெயர் கெட்டது ஃபாவா என்ற அவரையினம். நம் ஊர் அவரைக்கும் மொச்சைக்கும் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. தொழுநோய்க்கான கூட்டு மருந்திலுள்ள டாப்சோன் இன்னொன்று. 1940களில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் அதைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். அளவு கூடினால் நொதி நிறைந்தவர்களின் சிவப்பணுக்களிலும் அது ஹைன்ஸ் துகள்களை உண்டாக்கும். வரவு எவ்வளவு இருந்தாலும் அதை மீறும் செலவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். சுத்திகரிப்பில் தவறிய குளோரமைன் கலந்த நீரால் டயாலிசிஸ் நோயாளிகளின் இரத்தம் உடைந்ததை ஈட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973இல் விளக்கியதும் அதே வகை. நஞ்சின் அளவு பொருட்டே இல்லை என்பது என் கட்சியன்று. அளவு எங்கே நஞ்சாகிறது என்ற கோட்டை வரவு வரைகிறது என்கிறேன். அரிவாளணு நோயிலும் வரவின் பக்கம் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடிகளிடம் லேமனும் கட்புஷ்ஷும் 1952இல் கண்டறிந்த அதே கோளாறுதான். அந்நோயில் ஹீமோகுளோபின் வேகமாகக் கெடுகிறது. 2017இல் அமெரிக்கா அனுமதித்த எல்-குளுட்டமின் தனி உறுப்பைத் துரத்துவதற்காகக் கொடுக்கப்படவில்லை. அணுவின் எலக்ட்ரான் இருப்பை உயர்த்தும் என்ற எண்ணத்தில் கொடுக்கப்பட்டது. கிடைத்த பலன் மிதமானது.

கடைசியாக ஒரு சாட்சி, பெண்களின் இரத்தம். ஜி6பிடி மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று உறங்கிவிடுகிறது என்று மேரி லயன் 1961இல் சொன்னார். எது உறங்கும் என்பது அணுவுக்கு அணு மாறும். ஒரு குறைபாட்டு மரபணுவும் ஒரு நல்ல மரபணுவும் உள்ள பெண்ணின் இரத்தத்தில் இரண்டு வகைச் சிவப்பணுக்கள் கலந்து ஓடுகின்றன என்பதை அடுத்த ஆண்டே எர்னஸ்ட் பியூட்லரின் குழு காட்டியது. ஒரே பிளாஸ்மாவில், ஒரே குளுக்கோஸில், ஒரே மாத்திரையின் கீழ், பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு அணுக்கள். ஒன்று உடைகிறது, மற்றது போகிறது. ஸ்டேட்வில்லில் இருவருக்கிடையே அணுக்களை மாற்றி ஏற்றிப் பார்த்த சோதனை இங்கே ஒருவரின் நாளங்களுக்குள் இயல்பாகவே நடக்கிறது. சோதனைச்சாலை தரும் எண்ணோ இரண்டு வகைக்கும் சேர்த்துச் சராசரிதான். 60 விழுக்காடு என்று வரும் அறிக்கை, ஏறத்தாழ இயல்பான அணுக்களோடு வெறுங்கை அணுக்களும் பெருமளவில் கலந்திருப்பதை மறைத்துவிடலாம். பிரைமாகுயின் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுக்கப்படுவதால் சிறுநீர் கறுத்த அன்றே நிறுத்திவிட முடியும். 2018இல் அனுமதி பெற்ற டாஃபெனோகுயின் ஒரே வேளையில் விழுங்கி முடிப்பது. வாரக்கணக்கில் உடலில் தங்கும், திரும்ப எடுக்க வழியில்லை. அதனால்தான் அதைக் கொடுப்பதற்கு முன் ஜி6பிடி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதாது என்று ஆயிற்று. எவ்வளவு என்று அளந்து, 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மட்டுமே கொடுக்கிறார்கள்.